எட்டில் மூன்று போய் இரண்டு வந்தால்

எங்கள் வோத்னாவில் எட்டிலிருந்து மூன்றைக் கழித்து இரண்டைக் கூட்டினால் மூன்று வரும். மற்ற வட்டாரங்களில் எவ்வளவு வருகிறது என்று எங்களுக்குத் தெரியாது. விசாரிக்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை. அதிகாரம் இல்லாமல் விசாரித்தவர் ரூசி ஒருவர்தான். அவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

ரூசி பஸ் டிரைவர். வோத்னாவிலிருந்து மலைமேல் கிராமங்களுக்குப் போகிற ஒரே பஸ்ஸை ஓட்டுகிறவர். மேலே இருக்கும் ஆடுமாடுகளுக்கு ஊசி போடுவது என் வேலை என்பதால் வாரத்தில் பாதி நாள் அவருக்குப் பின்சீட்டில்தான் என் பொழுது போகும். சாதுவான மனிதர். கால்பந்தைப் பற்றிக்கூட யாரோடும் தர்க்கம் செய்யமாட்டார். நீ சொல்வதும் சரி, அவன் சொல்வதும் சரி என்று கியரை மாற்றிவிடுவார்.

அவருடைய ஒரே மகள் நேவேனா மூன்றாம் வகுப்பில் படித்தாள். அந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் கணக்குத் தேர்வில் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் பள்ளிகளில் ஆறு வாங்கினால் கெட்டிக்காரப் பிள்ளை. இரண்டு வாங்கினால் தோல்வி. அதற்குக் கீழே கொடுக்க மதிப்பெண் கிடையாது. 8 − 3 + 2 என்ற கணக்குக்கு அவள் 7 என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 3 என்று எழுதப்பட்டிருந்தது. அதே மாதிரிக் கணக்குகள்தான் தாள் முழுக்க.

ரூசி அதை வெகுநேரம் பார்த்தார். பஸ்ஸில் எட்டுப் பேர், மூன்று பேர் இறங்கி, இரண்டு பேர் ஏறினால் ஏழு பேர்தானே என்று மனைவி பென்காவிடம் கேட்டார். பென்கா அப்போது குளிர்காலத்துக்காகச் சுட்ட குடமிளகாய்களைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். தட்டில் எட்டு மிளகாயை வைத்து, மூன்றை எடுத்து, இரண்டைப் போட்டு எண்ணினாள். ஏழு. டீச்சர் ஏதோ நினைவில் திருத்தியிருப்பாள், போய் நல்லபடியாகக் கேட்டுவிட்டு வா, சண்டை போடாதே என்றாள். ரூசி யாரோடு சண்டை போட்டிருக்கிறார்?

டீச்சர் ஸ்லாவ்கா அவரோடு அதே பள்ளியில் ஒன்றாகப் படித்தவள். அவர் கேட்டதும் வகுப்பறைக் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். பிறகுதான் பேசினாள்.

“ஏழுதான் ரூசி. எனக்கு என்ன தெரியாதா? ஆனா நான் என்ன பண்ணட்டும், அங்க பாரு.”

கரும்பலகைக்கு மேலே ஒரு புதிய சுவரொட்டி இருந்தது. தலைப்பு, ‘செயல்களின் வரிசை.’ கீழே நான்கு வார்த்தைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக: பெருக்கல், வகுத்தல், கூட்டல், கழித்தல். வட்டாரக் கல்விக் கண்காணிப்பகத்தின் எண்நெறி மன்றம் அனுப்பியது. மேலிருப்பதை முதலில் செய்யவேண்டும் என்பது உத்தரவு. கழித்தலுக்கு மேலே கூட்டல் இருப்பதால், முதலில் மூன்றையும் இரண்டையும் கூட்டி ஐந்தாக்கி, அந்த ஐந்தை எட்டிலிருந்து கழிக்கவேண்டும். விடை மூன்று. ஏழு என்று எழுதுகிற பிள்ளைக்கு இரண்டு போடாத ஆசிரியருக்குச் சம்பள உயர்வு நிற்கும்.

மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது என்று ஸ்லாவ்கா சொன்னாள். அவர் போவார் என்று தான் நினைக்கவே இல்லை என்று பிற்பாடு என்னிடம் வருத்தப்பட்டாள்.

ரூசி ஒருநாள் லீவு போட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வட்டாரத் தலைநகரில் இருக்கும் கண்காணிப்பகத்துக்குப் போனார். மன்றத்தின் தலைவர் கராபாஷெவ் அவரை நிற்கவைக்காமல் உட்காரவைத்துப் பேசினார். ரூசி பஸ் உதாரணத்தைச் சொன்னார். கராபாஷெவ் கவனமாகக் கேட்டார்.

“பஸ்ல இறங்குறவங்க முதல்ல இறங்கணும்ங்கறது போக்குவரத்துத் துறை விதி. அதுல நாங்க தலையிடுறதில்ல. நாங்க கல்வித் துறை. எங்ககிட்ட ஏறுறவங்கதான் முதல்ல.”

அப்படியானால் கணக்கில் ஓர் அடைப்புக்குறியைப் போட்டு, முதலில் கழிக்கவேண்டும் என்று காட்டிவிடலாமே என்று ரூசி பணிவாகக் கேட்டார். அடைப்புக்குறி மேல்வகுப்புக்கு உரியது என்றார் கராபாஷெவ். அதற்கான பிரிவு மாடியில் இருக்கிறது. அந்தப் பிரிவை நடத்தும் அம்மாள் பிரசவ விடுப்பில் இருக்கிறார். அவர் திரும்பி வரும்வரை வட்டாரத்தில் யாரும் புதிய அடைப்புக்குறி திறக்க முடியாது. திறந்ததை மூடவும் அவர்தான் வரவேண்டும்.

கராபாஷெவ் வேறொன்றும் சொன்னார். மேல்முறையீட்டைத் தாராளமாகச் செய்யலாம், ஆனால் கணிதச் சொற்களில் தகுதி உள்ளவர் மட்டுமே செய்யலாம். யார் வேண்டுமானாலும் கணக்கைக் குறை சொன்னால் கணக்குக்கு என்ன மரியாதை? தகுதியைச் சோதிக்கப் பக்கத்து அறையில் சொல்லியல் பிரிவின் மேடம் லாலேவா இருந்தார். ரூசி, வந்ததுதான் வந்தோம் என்று, அந்த அறைக்குள் போனார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

மேடம் லாலேவா நல்ல மாதிரி. அவருக்கு டீ கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு தாளில் 8 − 3 என்று எழுதிக் காட்டினார்.

“இதுல மூணு யாரு?”

ரூசிக்குப் புரியவில்லை. “மூணு, மூணுதான் மேடம்.”

“மூணு எவ்வளவுன்னு நான் கேக்கல. யாருன்னு கேட்டேன்.”

அது ‘கழிக்கும் எண்’ என்று சொல்லியிருக்கவேண்டும். எட்டு ‘கழிபடும் எண்.’ வருவது ‘வித்தியாசம்.’ பன்னிரண்டை நான்கால் வகுத்தால் பன்னிரண்டு ‘வகுபடும் எண்’, நான்கு ‘வகுக்கும் எண்’, மூன்று ‘ஈவு.’ ரூசி எல்லாக் கணக்குக்கும் சரியாக விடை சொன்னார். ஒருவரையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரியவில்லை. இப்படித்தான் ஜனங்கள் தினமும் எண்களை உபயோகித்துவிட்டு யாரென்று கேட்காமல் போய்விடுகிறார்கள் என்று மேடம் லாலேவா உண்மையான துக்கத்தோடு சொன்னார். ரூசி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தோல்வி என்று பதிவாயிற்று.

சும்மா தோல்வி என்றால் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் மூன்றாம் வகுப்புச் சொற்களில் தோற்றவர் மூன்றாம் வகுப்பு முடித்திருக்க முடியாது என்று அந்த அலுவலகம் கண்டுபிடித்தது. ஆகவே அவருடைய பள்ளிச் சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டது. பள்ளிப் படிப்பு இல்லாதவர் பொதுப் பேருந்து ஓட்டக் கூடாது என்பது சட்டம். அடுத்த வாரமே டிப்போ மேலாளர் அவரைக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சாவியைக் கேட்டார். இருபத்தைந்து வருஷமாக அந்த மலைப்பாதையில் ஒரு கோழியைக்கூட இடிக்காதவர் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தார்.

தகுதியைத் திரும்பப் பெற ஒரே வழி, மூன்றாம் வகுப்பை மறுபடி படித்து, மன்றம் வைக்கும் தேர்வில் தேறுவது. பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்று இருந்தது. ஆள் சேரவில்லை என்று அதை மூடியிருந்தார்கள். எனவே அருகிலுள்ள பள்ளியில் சேருமாறு சொன்னார்கள். அருகிலுள்ள பள்ளி ஸ்லாவ்காவின் பள்ளி.

இப்படியாக ரூசி தன் மகளோடு பள்ளிக்குப் போக ஆரம்பித்தார். பென்கா காலையில் இரண்டு டப்பாவில் பாலாடைக்கட்டி அடை கட்டிக்கொடுத்தாள். பெரிய உருவம் என்பதால் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பெஞ்சும் மேஜையும் ஒரே இரும்புச் சட்டத்தில் இணைந்தவை. உள்ளே போவதற்கு அவர் பக்கவாட்டில் சாய்ந்து, முழங்காலை ஒவ்வொன்றாக நுழைக்கவேண்டியிருந்தது. வெளியே வர இரண்டு பிள்ளைகள் பிடித்து இழுக்கவேண்டும். இடைவேளையில் எல்லோரும் ஓடிவிடுவதால் அவர் பெரும்பாலும் உள்ளேயே இருந்தார்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நேவேனாவுக்கு முதல் வாரம் வெட்கமாக இருந்தது. திரும்பிப் பார்க்கவே மாட்டாள். பிறகு யாரோ ஒரு பையன் அவள் அப்பாவை மக்கு என்று சொல்லப்போக, அவனை அடித்துவிட்டு, அன்றிலிருந்து அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வகுபடும் எண், வகுக்கும் எண் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். தெருவில் நாங்கள் பார்ப்போம், பெரிய ஆள் ஒருவர் பையை மாட்டிக்கொண்டு ‘ஈவு, மீதி, ஈவு, மீதி’ என்று முணுமுணுத்தபடி போவார்.

சொற்களை அவர் கற்றுக்கொண்டார். அதற்கப்புறமும் இடறல் ஓயவில்லை. நான்கு பஸ், ஒவ்வொன்றுக்கும் ஆறு சக்கரம், மொத்தம் எத்தனை என்று ஒரு கணக்கு. தனக்குத் தெரிந்த விஷயம் என்று ரூசி உற்சாகமாக 4 × 6 = 24 என்று எழுதினார். இரண்டு விழுந்தது. 6 × 4 என்று எழுதியிருக்கவேண்டும். முதலில் பெருக்கப்படுவது, பிறகுதான் பெருக்குவது. அவர் எழுதியபடி பார்த்தால் ஆறு பஸ், ஒவ்வொன்றுக்கும் நான்கு சக்கரம்.

“அதுக்கும் இருபத்திநாலுதானே வருது?” என்று கேட்டார்.

“வருது. ஆனா இது அந்த இருபத்திநாலு இல்ல ரூசி,” என்றாள் ஸ்லாவ்கா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

ஒருமுறை கராபாஷெவ் பள்ளியைப் பார்வையிட வந்தார். வகுப்பு எழுந்து நின்றது. ரூசியும் மரியாதையாக எழுந்தார். பெஞ்சும் மேஜையும் அவரோடு சேர்ந்து எழுந்தன. இடுப்பில் மேஜையோடு குனிந்து நின்றவரைக் கராபாஷெவ் மகிழ்ச்சியோடு பார்த்து, பாடத்தோடு இவ்வளவு ஒட்டிக்கொண்ட மாணவரைத் தான் கண்டதில்லை என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

குளிர்காலம் வந்தது. டிப்போவில் வேறு டிரைவரைத் தேடினார்கள். பனியில் அந்த வளைவுகளைப் பார்த்துவிட்டு எவனும் வரவில்லை. பஸ் நின்றுபோயிற்று. நான் பனிக்கட்டியில் வழுக்கி வழுக்கி நடந்து மேலே போய் ஆடுகளுக்கு ஊசி போட்டேன். டாக்டரிடம் வரவேண்டிய கிழவர்களை டிராக்டரின் பின்னால் வைக்கோலில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். மேல்கிராமத்தில் மந்தை வைத்திருந்த ஸ்தாமென் அப்படி வரும் வழியில் குளிரில் நிமோனியா பிடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

பிறகு ஊரே ரூசியின் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, கெஞ்சினார்கள். மன்றத்தின் தேர்வில் மூன்று என்று சொல்லிவிட்டு வா, பிறகு உன் பஸ்ஸில் நீ எத்தனை பேரை வேண்டுமானாலும் எண்ணிக்கொள் என்றார்கள். நானும் சொன்னேன். என் முழங்கால் வலி அப்படி. சொல்லாதவர்கள் இரண்டு பேர். பென்கா எல்லோருக்கும் காப்பி வைத்தாள். நேவேனா ஒவ்வொரு தேர்விலும் அப்பாவைப்போலவே ஏழு என்று எழுதி, இரண்டு வாங்கிவந்து, அப்பாவின் இரண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இப்படியே போனால் அவளை அடுத்த வகுப்புக்கு அனுப்ப முடியாது என்று ஸ்லாவ்கா ரகசியமாக வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் ரூசி மகளை உட்காரவைத்து, இனிமேல் பள்ளிக்கூடத்தில் மூன்று என்று எழுதச் சொன்னார்.

“அப்போ ஏழு தப்பாப்பா?”

“தப்பில்லம்மா. ஏழு நம்ம வீட்டுக்கு. மூணு அவங்களுக்கு.”

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தாராம். அவளோ, அப்பா நீங்களும் அப்படியே சொல்லுவீர்களா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார்.

தேர்வு கண்காணிப்பகத்தின் பெரிய அறையில் நடந்தது. மேடம் லாலேவா சொற்களைக் கேட்டார். ரூசி ஒன்றுவிடாமல் சொன்னார். மேடம் லாலேவாவின் கண்கள் கலங்கின. பிறகு கராபாஷெவ் பலகையில் 8 − 3 + 2 என்று எழுதினார். ரூசி எழுந்து நின்றார். அங்கே பெஞ்ச் கிடையாது, நல்ல நாற்காலி. ஆனாலும் கால் அசையவில்லை என்று பின்னால் சொன்னார். வாய் திறந்தது, எண் வரவில்லை.

கராபாஷெவ் அவருக்கு உதவ நினைத்தார். மனிதர் கெட்டவர் அல்ல. சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தகப்பனைப்போலப் பேசினார்.

“நாங்க ஒண்ணும் தெரியாதவங்கன்னு நெனைக்காதீங்க ரூசி. ஏழுன்னு எங்களுக்கு முதல் வாரமே தெரியும். நாங்க எழுதிக் கொடுத்தப்போ ஜோடி ஜோடியாத்தான் எழுதினோம். பெருக்கலும் வகுத்தலும் ஒரு வரி, கூட்டலும் கழித்தலும் ஒரு வரி. ஜோடிக்குள்ள பெரியவன் சின்னவன் கிடையாது, இடமிருந்து வலமாப் போகணும். அச்சகத்துல தாள் அகலம் பத்தல. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாப் போட்டுட்டான். ஆனா கெட்டித்தாள், நல்ல பசை. சுவத்தோட வந்தாத்தான் வரும். வட்டாரம் பூரா ஒட்டியாச்சு, பிள்ளைங்க பூரா மூணுன்னு படிச்சாச்சு. இப்போ ஏழுன்னு சொன்னா அத்தனை பிள்ளைங்களும் தப்பாயிடுவாங்க. ஒரு எண்ணுக்காக இத்தனை குழந்தைங்களைத் தப்பாக்கணும்னு சொல்றீங்களா? எண் தாங்கும் ரூசி. எண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. அலுவலகம் தாங்காது.”

ரூசி அந்தப் பேச்சை எனக்கு அப்படியே சொல்லிக்காட்டியிருக்கிறார். கேட்கும்போது அவருக்குக் கோபம் வரவில்லையாம். நல்ல பசை என்ற இடத்தில் ஸ்தாமென் வைக்கோலில் படுத்துக் கிடந்தது நினைவுக்கு வந்ததாம். மூன்று என்றார். இன்னும் சற்று உரக்கச் சொல்லச் சொன்னார்கள். உரக்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

சான்றிதழ் திரும்பக் கிடைத்தது. சாவியும் கிடைத்தது. இப்போது தகுதி வந்துவிட்டதே, மேல்முறையீடு செய்யலாமா என்று போகிற போக்கில் கேட்டார். தாராளமாக, என்றார் கராபாஷெவ். ஆனால் விடை மூன்று என்று சொல்லித் தகுதி பெற்றவர் விடை ஏழு என்று முறையிட்டால், தகுதி இல்லாமல் முறையிட்டதாக ஆகும். ரூசிக்கு அது உடனே புரிந்தது. அத்தனை மாதம் படித்தது வீண்போகவில்லை.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது மேடம் லாலேவா வந்து கையைக் குலுக்கினார். மன்றத்தில் பெற்றோர் பிரதிநிதி ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. தகுதி பெற்ற பெற்றோர் யாரும் இல்லாததால் அந்த நாற்காலி வெகுகாலமாகக் காலி. இப்போது வட்டாரத்தில் ஒரே ஒருவர் இருக்கிறார். ரூசி தனக்கு வேண்டாம் என்றார். மறுக்கலாம், என்று மேடம் லாலேவா கனிவோடு விளக்கினார். பொறுப்பை மறுப்பவரின் தகுதி தானாகவே காலாவதியாகும், அவ்வளவுதான். ரூசி கையிலிருந்த பஸ் சாவியைப் பார்த்தார்.

மறுநாள் பஸ் ஓடியது. மேல்கிராமத்தில் வாசலுக்கு வாசல் ராக்கியா என்னும் பழச்சாராயம் ஊற்றிக்கொண்டு நின்றார்கள். வண்டி ஓட்டுகிறவன் குடிக்கக் கூடாது என்று ரூசி வாங்கவில்லை. நான் அவர் பங்கையும் சேர்த்துக் குடித்தேன். அவர் சிரித்தார், எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தார்.

மாதக்கூட்டத்துக்கு மட்டும் லீவு போட்டுவிட்டுத் தலைநகருக்குப் போவார். அங்கே அவருக்கு மெத்தை வைத்த நாற்காலி, முன்னால் சோடா, பெயர் எழுதிய அட்டை. வசந்தகாலத்தில் ஒரு கூட்டத்துக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை தன் மகனின் கணக்குத்தாளோடு வந்தாள். நல்ல சட்டை போட்டிருந்தாள். எட்டு ஆடு, மூன்றை விற்று, இரண்டு வாங்கினால் எத்தனை என்று கேட்டாள். எல்லோரையும் பார்த்துவிட்டு, அவர்களில் ரூசிதான் தன்னைப்போன்ற ஆள் என்று தோன்றியதோ என்னவோ, அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

அவளைச் சொல்லியல் பிரிவுக்கு அனுப்பலாமா என்று கராபாஷெவ் ஓட்டுக்கு விட்டார். கைகள் உயர்ந்தன. ரூசியின் கை உயரவில்லை. அது ஒரு சம்பிரதாயம்தான், முடிவு ஏற்கெனவே அச்சாகிவிட்டது, ஒருமனதாக என்று போட்டிருக்கிறது என்று மேடம் லாலேவா அவர் காதருகே குனிந்து சொன்னார். பெண்பிள்ளை இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் இல்லாத குளிர்காலம் ஒன்றை ரூசி பார்த்துவிட்டவர். கையை உயர்த்தினார். அவளுக்கு டீ கொடுக்கச் சொல்லி அழைத்துப் போனார்கள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது வெளிச்சம் இருந்தது. பென்கா தோட்டத்தில் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். நேவேனா சமையலறை மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் ஆறுதான் வாங்குகிறாள். எல்லாப் பாடத்திலும் ஆறு. ரூசி கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஏதாவது பேசவேண்டும்போல இருந்தது.

“இன்னைக்குப் பள்ளிக்கூடம் எப்படிம்மா இருந்துச்சு? பிடிச்சிருந்துச்சா?”

நேவேனா பேனாவைக் கீழே வைத்தாள். குறும்பு எதுவும் இல்லாமல், பதிலைச் சரியாகச் சொல்லவேண்டுமே என்ற அக்கறையோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு கேக்குறாங்க?” என்றாள். “அப்பாவா, மன்றமா?”